கடலைக் காட்டி வாங்கும் வாடகை

(கிராமப்புற வாழ்வாதாரமும் சுற்றுலாவும் என்ற பொருளில், திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோவளம் கடற்கரைக்கு விடியற்காலையில் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கடலில் வளைத்து விடப்பட்ட கரைமடி வலையின் இரண்டு கயிறுகளையும் மீனவர்கள் இரு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். வலை கரையேற நெடுநேரம் ஆகும். அதற்குள் விடுதிகளில் தங்கியிருப்போர் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். மடியில் மீன் இருந்தால் மணலிலேயே ஏலம் போகும்; வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரியும். மீன் இல்லையென்றால் இழுத்த கைகளுக்கு எதுவும் இல்லை. மடி வெறுமையாகக் கரையேறிய நாளிலும் விடுதியின் அறை வாடகை குறைவதில்லை. அந்த வாடகைக்குள் கடலுக்கு ஒரு விலை இருக்கிறது, வலை இழுக்கும் காட்சிக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையில் ஒரு காசும் வலை இழுத்தவரிடம் வந்து சேர்வதில்லை. இந்த உரை முழுவதும் அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

சுற்றுலா கிராமத்துக்கு வாழ்வு தரும் என்று அரசுகள் சொல்லிவருகின்றன. கேரளம் 1986ஆம் ஆண்டிலேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 2019இல் இம்மாநிலத்துக்கு வந்த வெளிநாட்டினர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். உள்நாட்டினர் ஒரு கோடியே 83 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டின் மொத்தச் சுற்றுலா வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய் என்று சுற்றுலாத் துறை கணக்கிட்டது. இவ்வளவு பெரிய பணச் சுழற்சியை 'பணக்காரர்களின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கித் தள்ளும் தோழர்கள் உண்டு. அது சோம்பேறித்தனமான நிலைப்பாடு. ஆட்டோ ஓட்டுபவர், படகு வலிப்பவர், துணி வெளுப்பவர், இளநீர் விற்பவர், சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர் ஆகியோர் நம் வர்க்கத்தினர். அவர்களுடைய அடுப்பு இந்தத் தொழிலால்தான் எரிகிறது. மறுபுறத்தில், 45 ஆயிரம் கோடி என்ற எண்ணைக் கண்டதும் அது கிராமத்துக்குள் பாய்ந்துவிட்டதாக நம்புவோரும் உண்டு. மழை எவ்வளவு பெய்தது என்பதை மட்டும் கேட்டுவிட்டு எந்தக் குளம் நிறைந்தது என்பதைக் கேட்காமல் போவதற்கு அது ஒப்பாகும்.

நிலவாடகையைப் பற்றி 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கத் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஓர் அருவி. பெரும்பாலான ஆலைகள் நீராவியால் ஓடுகின்றன. சில ஆலைகள் மட்டும் அருவியின் விசையால் ஓடுகின்றன. அருவி விசை நீராவியை விட மலிவு. ஆகவே அருவியோரத்து ஆலைக்குச் சராசரியை மிஞ்சிய லாபம் கிடைக்கிறது. அந்த மிகை லாபம் ஆலை முதலாளியிடமும் தங்குவதில்லை. அருவி விழும் நிலத்துக்குச் சொந்தக்காரன் வாடகையாக அதை வாங்கிக்கொள்கிறான். அருவி எந்த மனித உழைப்பாலும் உண்டானதன்று. அதை வேலியிட்டு வைத்திருக்க முடிவது ஒன்றே அவனுக்கு அந்தப் பணத்தைத் தருகிறது. மார்க்ஸ் கண்ட அருவி சக்கரத்தைச் சுழற்றியது. இன்றைய அருவி படம் பிடிக்கப்படுகிறது. வேறுபாடு அவ்வளவே. கடலைப் பார்த்த அறைக்கு ஒரு வாடகை, தெருவைப் பார்த்த அறைக்கு வேறு வாடகை என்று விடுதிகளின் விலைப்பட்டியல் சொல்லும்போது, அந்த வித்தியாசத் தொகைக்குப் பொருளியலில் உள்ள பெயர் நிலவாடகை. கடலோர நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அது போய்ச் சேரும். எனவே சுற்றுலாவால் கிராமம் வாழுமா என்ற கேள்வியில் பாதிக்கு மேல் நிலத்தைப் பற்றிய கேள்வியாகும்.

கோவளத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1930களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் அங்கே குன்றின் மேல் ஹால்சியன் மாளிகையைக் கட்டினர். 1964இல் அது அரசின் கைக்கு வந்தது. பின்னர் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அந்த வளாகத்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதியை 1970களில் திறந்தது. பொதுத்துறையின் பெருமைகளில் ஒன்றாக விளங்கிய அவ்விடுதியை 2002இல் வாஜ்பாய் அரசு தனியாருக்கு விற்றது. விடுதியோடு மாளிகையும் போய்விட்டதா என்பதில் தகராறு மூண்டது. மாளிகையை மீட்க மாநிலச் சட்டமன்றம் 2005இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அமைச்சரவை, உரிமை கோரி வழக்காடும் உரிமையை வைத்துக்கொண்டு, அனுபோகத்தை மட்டும் தனியார் குழுமத்துக்கு ஒப்படைப்பதென முடிவெடுத்தது. தோழர் வி. எஸ். அச்சுதானந்தன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இடதுசாரி இயக்கத்துக்குள்ளேயே இத்தகைய வாதம் நடந்தது என்பதை மறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. ஒருமுறை கைநழுவிய கடலோர நிலத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பதினைந்து ஆண்டுகள் காட்டின.

கோவளத்துக்கு அடுத்த ஊர் விழிஞ்ஞம். அங்கு எழுந்துள்ள துறைமுகம் 2025 மே 2 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்டுமானத்தால் கரை அரிக்கப்படுகிறது என்று குற்றம்சாட்டி 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியதைத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் விடுதிகள். கரைமடி இழுக்க நீண்ட மணல்வெளி வேண்டும்.

இனி குமரகம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில், சுற்றுலாப் பணத்தைக் கிராமத்துக்குள் திருப்பிவிட முடியும் என்பதற்கு இந்தியாவில் காட்டப்படும் முதன்மையான உதாரணம் அதுவே.

கோட்டயம் மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள இவ்வூரில் 1990களில் நட்சத்திர விடுதிகள் பெருகின. நெல்வயல்கள் தரிசாயின. காயலோரம் விடுதிகளின் மதில்களுக்குள் சென்றது. விடுதிக்குத் தேவையான காய்கறி, முட்டை, பால், மீன் எல்லாம் வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் மூலம் வந்தன. கேரளத்தின் காய்கறியில் பெரும்பகுதி ஒட்டன்சத்திரம், கம்பம் சந்தைகளிலிருந்து லாரியில் வருவது தமிழ்த் தோழர்களுக்குத் தெரிந்ததே. விடுதிக்கு மதில் ஒட்டிய வீட்டில் விளைந்த வெண்டைக்காய்க்கு அந்த விடுதியின் சமையற்கட்டில் இடமில்லை. உள்ளூர்வாசிகளுக்குக் கிடைத்தவை சில காவலர் வேலைகளும் துப்புரவு வேலைகளும்.

2007 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்திய கலந்தாய்வைத் தொடர்ந்து, கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் 'பொறுப்புச் சுற்றுலா' என்ற திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்டது. குமரகத்தில் ஊராட்சியும் 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்களும் அதன் தூண்களாயின. குழுக்கள் தரிசு நிலத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்க ஒப்புக்கொண்டன. விலையை முடிவு செய்ய ஒரு குழு, தரத்தைப் பார்க்க ஒரு குழு என்று அமைக்கப்பட்டன. விளைபொருளைச் சேகரித்து விடுதிக்குக் கொடுக்க 'சம்ருத்தி' என்ற பெயரில் ஓர் அங்காடி இயங்கியது. இன்னொரு பக்கம், கயிறு திரித்தல், தென்னோலை முடைதல், தாழை ஓலைப்பாய் நெய்தல், வலை வீசுதல், கள் இறக்குதல் போன்ற அன்றாடத் தொழில்களைப் பயணிகள் வீட்டுக்கே வந்து பார்க்கும் கிராமச் சுற்று உருவாக்கப்பட்டது. பார்த்ததற்கான கட்டணத்தில் அத்தொழிலைச் செய்பவருக்குப் பங்கு உண்டு. கோவளத்துக் கரைமடிக்காரருக்குக் கிடைக்காத பங்கு இது.

இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது கிடைத்தது. 2017 அக்டோபரில் மாநிலம் முழுமைக்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கமாக அது விரிவாக்கப்பட்டது. விருதைக் காட்டிலும் கவனிக்கத் தக்கது விலைக்குழு. சந்தையில் சிறு உற்பத்தியாளர் எப்போதும் விலையைக் கேட்டுக்கொள்பவர், சொல்பவர் அல்லர். குமரகத்தில் ஐந்து பெண்கள் கொண்ட குழு, நட்சத்திர விடுதியின் கொள்முதல் மேலாளருக்கு எதிரில் உட்கார்ந்து பாகற்காய்க்கு விலை பேசியது. பின்னால் ஊராட்சி நின்றதால்தான் அது இயன்றது. 1996இன் மக்கள் திட்ட இயக்கம் ஊராட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் தந்திராவிட்டால், குடும்பஸ்ரீ போன்ற அமைப்பு அடித்தளத்தில் இருந்திராவிட்டால், இத்திட்டம் அரசின் துண்டறிக்கையாகவே முடிந்திருக்கும். நான்கு இடங்களில் ஒரே திட்டம் தொடங்கியும் குமரகத்தில் வேரூன்றியது போல் கோவளத்தில் வேரூன்றவில்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திட்டம் ஒன்றுதான், பின்னால் நின்ற மக்கள் அமைப்பின் வலிமை வேறு.

குறைகளும் உண்டு. விடுதிக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே உருவில் காய் வேண்டும். மண் அப்படி விளைவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் தோட்டம் மூழ்கும். உள்ளூரில் வாங்கியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் விடுதிகளுக்கு இல்லை. எல்லாம் இணக்கத்தின் பேரில் நடக்கிறது. முதலாளியின் இணக்கம் அவருடைய லாபக் கணக்கு மாறும்வரைதான் நீடிக்கும். இன்னும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. வெண்டைக்காய்க்கு நல்ல விலை கிடைத்தது. காயலைப் பார்த்த அறையின் வாடகையில் எவரும் கைவைக்கவில்லை. கொள்முதல் செலவிலிருந்து ஒரு பகுதி கிராமத்துக்கு வந்தது. நிலவாடகை முழுவதும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நிலத்தின் மீதே கைவைத்தவர்கள் வேறு மீனவர்கள். அவர்களுடைய கதை குமரகத்துக் கதையைப் போல் விருது பெற்றதன்று.

அதே வேம்பநாட்டுக் காயலில், ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளி ஊராட்சியில் நெடியதுருத்து என்ற தீவு இருக்கிறது. நீரடியில் மரங்களை ஊன்றி, அவற்றில் வலை கட்டி, வேலியேற்றத்தோடும் வற்றத்தோடும் வரும் மீனையும் இறாலையும் பிடிக்கும் ஊன்றுவலைத் தொழில் அதைச் சுற்றி நடந்துவந்தது. தீவில் பெரிய சொகுசு விடுதி எழும்பியது. வலை கட்டும் மரங்கள் பிடுங்கப்பட்டன என்று மீனவர்கள் முறையிட்டனர். 1991இன் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை இத்தகைய காயல் தீவுகளில் கட்டுமானத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2013இல் கட்டடங்களை அகற்றத் தீர்ப்பு வந்தது. உச்சநீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று அதை உறுதி செய்தது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கொச்சி மரடில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. நெடியதுருத்து யார் கண்ணிலும் படவில்லை. அங்கே இடிப்பு தொடங்கவே 2022 செப்டம்பர் ஆயிற்று. அடுத்த ஆண்டிலும் தொடர்ந்தது. ஊன்றுவலை கட்டும் ஏழைகள் ஒரு பெருநிறுவனத்தை இந்தியாவின் உச்சபட்ச நீதிமன்றம் வரை எதிர்த்து நின்று வென்றது சிறிய செய்தியன்று. தீர்ப்பிலிருந்து முதல் செங்கல் விழுவதற்கே இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆனதும் சிறிய செய்தியன்று.

தேக்கடியில் நடந்தது வேறொரு வகை. அதில் தமிழ் மக்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கமான வயணப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் பிழைப்புக்கு வேறு வழியில்லாத கூலி மக்கள். லாபம் எடுத்தவர்கள் மலையடிவாரத்து வியாபாரிகள். 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவர்களைக் குழுவாகத் திரட்டி, வழக்குகளிலிருந்து விடுபட உதவி, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக் காவலர்களாகவும் வனத்துறை மாற்றியது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து திருந்தியவர்களின் குழுவுக்கு 'விடியல்' என்றே பெயர். காட்டின் தடங்களை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. ஒருகாலத்தில் வழக்குப் போடக் காரணமாயிருந்த அந்த அறிவே இன்று சம்பளம் தருகிறது. ஆயினும் அவர்கள் காட்டுக்குள் செல்வது துறையின் அனுமதியால்; அதிகாரி மாறினால் அனுமதியின் தன்மையும் மாறும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 'உரிமை' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருப்பது வெறும் அலங்காரத்துக்காக அன்று.

அதே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று அரசு நிறுவனத்தின் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று தானூரில் தனியார் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர், பலர் குழந்தைகள். விபத்துக்குப் பிறகு ஆணையங்கள் அமைவதும் அறிக்கைகள் வருவதும் வழக்கம். படகில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று சொல்லும் பணியாளருக்கு, அப்படிச் சொன்னதற்காக வேலை போகாது என்ற பாதுகாப்பு இருந்தால்தான் அந்த அறிக்கைகளுக்கு உயிர் வரும்.

இங்கே தொழிலாளர் பிரச்சினைக்கு வர வேண்டியிருக்கிறது. சுற்றுலா, பருவத்தை நம்பிய தொழில். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவு பகல் பாராத வேலை, மழைக்காலத்தில் ஆட்குறைப்பு. பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். வடமாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் பலர். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள், குறித்த கால வேலை நியமனத்தை எல்லாத் துறைகளுக்கும் உரிய முறையாக்கிவிட்டன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பையும் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டன. 'பருவம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது' என்று சொல்லும் முதலாளிக்கு இதைவிட வசதியான சட்டம் வேண்டியதில்லை.

கொரோனா காலம் இத்தொழிலின் ஆட்டத்தை வெளிச்சமாக்கியது. 2019இல் 12 லட்சத்தை நெருங்கிய வெளிநாட்டுப் பயணிகள் 2020இல் மூன்றரை லட்சத்துக்கும் குறைவாயினர். 2021இல் 60 ஆயிரம் சொச்சமே. 45 ஆயிரம் கோடியாக இருந்த வருவாய் ஓராண்டில் 11 ஆயிரம் கோடி அளவுக்கு விழுந்தது. விடுதித் தொழிலாளி வெறுங்கையோடு ஊர் திரும்பினார். தோட்டமும் பசுவும் வைத்திருந்த வீடு எப்படியோ தாக்குப்பிடித்தது. ஊரடங்கில் சமூகச் சமையலறைகளை நடத்தியவர்களும், இருபது ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட மக்கள் உணவகங்களை நடத்தியவர்களும் அதே குடும்பஸ்ரீ பெண்கள். ஆகவே ஒரு கிராமத்தின் ஒரே பிழைப்பாகச் சுற்றுலா ஆகிவிடக் கூடாது. விவசாயமும் மீன்பிடித்தலும் உயிரோடு இருக்கும் ஊரில் அது கூடுதல் வருவாய். அவற்றை அழித்துவிட்டு வந்தால் அடுத்த நோயோ அடுத்த வெள்ளமோ வரும்வரைதான் சோறு.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். வள்ளுவர் அவரைப் பேண ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக வீடு இருந்த காலத்து அறம் அது. இன்று பயணியை 'விருந்தினர்' என்றே அழைக்கச் சொல்லி விடுதி ஊழியருக்குப் பயிற்சி தருகிறார்கள். உபசரிப்பவருக்கோ அந்த வீட்டில் பின்வாசல் மட்டுமே.

இனி, செய்ய வேண்டியவை. விடுதிக்கு உரிமம் தருவதிலும் புதுப்பிப்பதிலும் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. உள்ளூர்க் கொள்முதல், உள்ளூர் வேலைவாய்ப்பு, குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றை அந்த உரிமத்தின் நிபந்தனைகளாக்கக் கிராம சபைகளில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கரைமடி இழுக்கும் மணல்வெளியும் ஊன்றுவலை கட்டும் நீர்ப்பரப்பும் எவை எவை என்று வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாத பொது இடம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விடும். காய்கறி விலைக்குழுவில் குடும்பஸ்ரீ உட்கார்ந்தது போல, கூலியைப் பேசும் மேசையில் விடுதித் தொழிலாளர் சங்கம் உட்கார வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளிக்குச் சங்கத்தின் துண்டறிக்கை அவர் மொழியில் கிடைக்க வேண்டும். மலையாளத்தில் மட்டும் அச்சிட்டுவிட்டு 'அவர்கள் வருவதில்லை' என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

தமிழ்த் தோழர்களுக்கென்றே ஒரு பணி இம்மாவட்டத்தில் காத்திருக்கிறது. விதுரா ஊராட்சியில், அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இடத்தில், போணக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஜனவரியில் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு மலையேறுவோர் அதன் வழியாகத்தான் போகிறார்கள். காணி மக்கள் வழிகாட்டிகளாகச் செல்கிறார்கள். மற்ற மாதங்களில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வருவது, அங்கே பாழடைந்து நிற்கும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைப் பார்க்க. அதில் ஆவி உலவுவதாக ஒரு கதை. காணொளிகளால் அது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பங்களாவுக்குச் செல்லும் வழியில் லயங்கள் இருக்கின்றன. அவற்றில் வாழ்வோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க அழைத்துவரப்பட்டவர்களின் வாரிசுகள். நிர்வாகம் தோட்டத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூலிப் பாக்கி நிற்கிறது, பணிக்கொடை நிற்கிறது, கூரை ஒழுகுகிறது. ஆவியைத் தேடி வருவோர் அந்தக் கதவுகளைத் தட்டுவதில்லை. விதுரா, நெடுமங்காடு பகுதித் தோழர்கள் அடுத்த பருவம் தொடங்குமுன் லயம் லயமாகச் சென்று, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த ஆண்டு முதல், கையில் உள்ள சான்று என்ன என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் பட்டியலும் இறந்துபோனவர்களின் வாரிசுப் பட்டியலும் தனித்தனியாக இருக்கட்டும்.